எதை விடப் போறோம் சார்?

2014, ஏப்ரல் மாதம். வெளியே கத்திரிக்கு ஒத்திகை பார்க்கும் வெயில். உள்ளே, ஸ்வெட்டர் கேட்கும் ஏ.ஸி. சென்னையில் ஒரு ஹோட்டலின் கான்ஃபரன்ஸ் ஹாலில் நாங்கள் முப்பத்தெட்டு பேர் உட்கார்ந்திருந்தோம். ஆளுக்கு ஒரு பென்சில், ஒரு குட்டி நோட்டு, இரண்டு பெப்பர்மின்ட்.

மிக்ஸி, கிரைண்டர், காஸ் அடுப்பு விற்கும் கம்பெனி. பெயர் வேண்டாம். பி.காம். முடித்து, இரண்டு வருஷம் அலைந்து, அக்கவுன்ட்ஸில் சேர்ந்து, அங்கிருந்து சேல்ஸ் பக்கம் தள்ளிவிடப்பட்டவன் நான்.

மேடையில் ரீஜினல் மேனேஜர். கம்பெனி செலவில் பெங்களூர் போய், மூன்று நாள் 'ஸ்ட்ராட்டஜி' வகுப்பில் உட்கார்ந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். ஸ்க்ரீனில் நாலு கட்டம். பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து. 'பலம்' கட்டத்தில் 'நமது ஊழியர்கள்' என்று போட்டிருந்தது. கைதட்டினோம். 'பலவீனம்' கட்டத்தில் 'ஊழியர்களின் ஈடுபாடு போதாது' என்று போட்டிருந்தது. அதற்கும் கைதட்டிவிட்டோம். ஏ.ஸி. தூக்கம், என்ன செய்ய?

கடைசி ஸ்லைடு வந்தது. 'மூன்றே வருடத்தில் தென்னிந்தியாவில் நம்பர் ஒன்!' அதற்குக் கீழே பன்னிரண்டு வரிகள். எட்டுப் புது மாடல். நாலு மாநிலத்தில் புது டீலர்கள். விலைக் குறைப்பு. அதே சமயம் லாப உயர்வு. சினிமா நட்சத்திரத்தை வைத்து விளம்பரம். இருபத்துநாலு மணி நேர சர்வீஸ்...

"எனி கொஸ்டின்ஸ்?"

இந்த மாதிரி இடத்தில் இந்தக் கேள்வி வந்தால் எல்லோரும் கதவைப் பார்ப்பது வழக்கம். கதவுக்கு அந்தப் பக்கம் பஃபே. ஆனால் அன்றைக்கு ஒருவர் எழுந்தார். விழுப்புரம் லைன் பார்த்த சீனியர் ரெப். வயசு ஐம்பது. இருபது வருஷமாக டவுன் பஸ்ஸிலும் மொபெட்டிலும் கடை கடையாக ஏறி இறங்கியவர். மீட்டிங்கில் வாயே திறக்கமாட்டார்.

"சார், எல்லாம் நல்லா இருக்கு. ஒரே ஒரு சந்தேகம். இத்தனையும் செய்யணும்னா, இப்ப செஞ்சிக்கிட்டு இருக்கறதுல எதை விடப் போறோம் சார்?"

மேனேஜர் சிரித்தார். "எதையும் விடப் போறதில்லை! அதான் நம்ம ஸ்பெஷாலிட்டியே! பாஸிட்டிவா யோசிங்க!"

ஹாலே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கான பில் எனக்குப் பதினாலு மாதம் கழித்து வந்தது.

ஐஸ்கிரீமில் சாம்பார்

மத்தியானம் பஃபே. நம் ஜனங்கள் பஃபேயில் தட்டை எடுத்தால் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஃப்ரைடு ரைஸ், அதன் மேல் பிரியாணி, ஓரத்தில் சாம்பார் சாதம், நடுவில் குலோப்ஜாமூன். இடம் இல்லையே என்று கவலைப்படாமல் அதன் தலையில் ஒரு கரண்டி ஐஸ்கிரீம். உட்கார்ந்து சாப்பிடும்போதுதான் தெரியும், ஐஸ்கிரீமில் சாம்பார் வாசனை!

நம்ம விழுப்புரம் அண்ணன் தட்டில் தயிர் சாதமும் ஊறுகாயும் மட்டும்.

"என்னண்ணே, இவ்ளோ ஐட்டம் வெச்சிருக்கான்..."

"சாயங்காலம் அஞ்சு மணி நேரம் பஸ்ல போகணும் தம்பி. வயிறு ஒண்ணுதானே?"

கம்பெனிக்கும் வயிறு ஒன்றுதான் என்பது அடுத்த தீபாவளிக்குள் தெரிந்துவிட்டது. எட்டுப் புது மாடல் வந்தது. பழைய மாடலுக்கு ஜார் கேட்டால் ஸ்டாக் இல்லை. சர்வீஸ் பையன்களைப் புது மாநிலத்துக்கு அனுப்பியாயிற்று. விழுப்புரத்தில் ரிப்பேருக்கு வந்த கிரைண்டர்கள் டீலர் கடையில் வரிசையாகத் தவம் கிடந்தன. டீலர்கள் எங்களைப் பார்த்தால் ஷட்டரை இறக்காத குறை. பணம் முழுக்க கோடவுனில் அட்டைப்பெட்டியாக உட்கார்ந்துவிட்டது.

2015 ஜூன். எங்கள் கிளையை மூடினார்கள். பதினோரு பேருக்குக் கவர். மத்தியானம் மூணு மணிக்கே வீட்டுக்குப் போய் நின்றேன். கல்யாணமாகி நாலு மாசம். "ஏங்க, இன்னிக்கு அரை நாள் லீவா?" என்றாள் மனைவி. என்ன பதில் சொன்னேன் என்பது ஞாபகமில்லை. விழுப்புரம் அண்ணனின் மகள் அப்போது இன்ஜினீயரிங் இரண்டாவது வருஷம்.

எங்கள் மேனேஜர் கெட்டவர் இல்லை. சோம்பேறியும் இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கும் மெயில் அனுப்புகிற உழைப்பாளி. வகுப்பில் சொல்லிக் கொடுத்ததை ஒரு கட்டம் தவறாமல் வரைந்தார். அப்புறம் எங்கே கோளாறு? அதுதான் என்னை அரித்தது. வேலை தேடிய அந்த ஐந்து மாதத்தில் பாதி நாள் எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் கழிந்தது. புத்தகமும் இலவசம், ஃபேனும் இலவசம்.

ஆசை வேறு, வழி வேறு

முதலில் எனக்கு உறைத்தது இது: எங்கள் கடைசி ஸ்லைடில் இருந்தது ஸ்ட்ராட்டஜியே இல்லை. அது ஆசைப் பட்டியல்!

ரிச்சர்ட் ரூமெல்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2011-ல் நல்ல ஸ்ட்ராட்டஜி, கெட்ட ஸ்ட்ராட்டஜி என்று இரண்டையும் பிரித்து ஒரு புத்தகம் எழுதினார். அவர் கணக்கு டாக்டர் கணக்கு மாதிரிதான். முதலில், நோய் என்ன என்று கண்டுபிடி. அடுத்து, எந்த வழியில் வைத்தியம் என்று தீர்மானி. மூன்றாவது, அந்த வழிக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போகிற காரியங்களை மட்டும் செய். 'மூன்று வருடத்தில் நம்பர் ஒன்' என்பது 'சீக்கிரம் குணமாகணும்' என்று நோயாளி சொல்வது போல. தப்பில்லை. ஆனால் அது மருந்துச் சீட்டு ஆகாது.

மைக்கேல் போர்ட்டர் ஹார்வர்டு பேராசிரியர். இந்தத் துறையில் பெரிய தலை. 1996-ல் அவர் எழுதிய கட்டுரையின் சாரத்தைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எதைச் செய்யக்கூடாது என்று தீர்மானிப்பதுதான் ஸ்ட்ராட்டஜியின் உயிர் என்கிறார் மனிதர். எங்கள் விழுப்புரம் அண்ணன் ஹார்வர்டு பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. ஆனால் கேட்டது அதே கேள்வி!

போர்ட்டரும் ரூமெல்ட்டும் எழுதியது புத்தகக் கடையில் கிடைக்கிறது. வகுப்பிலும் சொல்லித் தருகிறார்கள். அப்புறமும் ஏன் மேனேஜர்கள் பன்னிரண்டு வரி ஆசைப் பட்டியலோடு திரும்பி வருகிறார்கள்? என் சந்தேகம், சொல்லிக் கொடுக்கும் விதத்தின் மேல்.

க்ளைமாக்ஸ் தெரிந்த படம்

மேனேஜ்மென்ட் பள்ளிகளில் 'கேஸ்' முறை என்று ஒன்று உண்டு. 1908-ல் தொடங்கிய ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் இதைப் பிரபலமாக்கியது. 1961-ல் அகமதாபாத்தில் ஐ.ஐ.எம். வந்தபோது ஹார்வர்டின் கூட்டுறவோடுதான் வந்தது, இந்த முறையும் கூடவே வந்தது. ஒரு கம்பெனியின் கதையைப் பத்து இருபது பக்கத்தில் எழுதிக் கொடுப்பார்கள். 'நீ அந்த மேனேஜராக இருந்தால் என்ன செய்வாய்?' என்று வகுப்பே அடித்துக்கொள்ளும்.

நல்ல முறைதான். ஆனால் ஒரு ஓட்டை. அந்தக் கம்பெனி ஜெயித்ததா, தோற்றதா என்று வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு முன்பே தெரியும். க்ளைமாக்ஸ் தெரிந்த படத்துக்கு முதல் பாதியில் ஹீரோ செய்வதெல்லாம் புத்திசாலித்தனமாகத்தான் தெரியும். கதை எழுதுகிறவரும் பின்னால் திரும்பிப் பார்த்து எழுதுகிறார். ரோட்டில் இருந்த குழியெல்லாம் அவர் பேனாவில் தாராக உருகி மூடிக்கொள்கிறது.

இதற்குச் சரியான உதாரணம் ஹோண்டா கதை. ஒரே கதை, இரண்டு விதமாகச் சொல்லப்பட்டது.

முதல் விதம். ஒரு காலத்தில் அமெரிக்காவில் இறக்குமதி மோட்டார் சைக்கிள் என்றால் பிரிட்டிஷ் வண்டிகள்தான் ராஜா. 1959-க்குப் பிறகு ஜப்பான்காரன் உள்ளே புகுந்து ராஜாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டான். என்னதான் நடந்தது என்று பிரிட்டிஷ் அரசாங்கம் பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பைக் கேட்டது. 1975-ல் அறிக்கை வந்தது. ஜப்பான்காரன் முதலில் சொந்த ஊரில் சின்ன வண்டிகளை லட்சக்கணக்கில் செய்தான், அதனால் அடக்க விலை இறங்கியது, அந்த விலையை ஆயுதமாக்கி அமெரிக்காவில் சின்ன வண்டியோடு நுழைந்தான், பிறகு படிப்படியாகப் பெரிய வண்டிக்கு ஏறினான் என்பது அதன் சாரம். சதுரங்கத்தில் பத்து நகர்த்தலை முன்கூட்டியே பார்த்தவன் மாதிரி. பல வகுப்பறைகளுக்கு இந்தக் கதை போனது.

இரண்டாவது விதம். ரிச்சர்ட் பாஸ்கேல் என்பவருக்கு ஒரு குறுகுறுப்பு. 1982-ல் டோக்கியோவுக்கே போய், அன்றைக்கு அமெரிக்கா போன ஹோண்டாக்காரர்களை உட்காரவைத்து, "ஐயா, நிஜமா என்ன நடந்தது?" என்று கேட்டார். 1984-ல் அவர் எழுதியதைப் படித்தால் சிரிப்பும் வரும், வியர்வையும் வரும்.

பத்து நகர்த்தலும் கிடையாது, ஒன்றும் கிடையாது! அமெரிக்காவில் ஏதாவது விற்க முடியுமா பார்ப்போம் என்றுதான் போயிருக்கிறார்கள். தலைமை, கவாஷிமா என்பவர். ஜப்பான் நிதி அமைச்சகம் அனுமதித்தது மொத்தம் 2,50,000 டாலர். அதில் ரொக்கம் 1,10,000 மட்டும். மீதியைச் சரக்காக எடுத்துப் போகலாம். லாஸ் ஏஞ்சலஸில் மாதம் 80 டாலருக்கு வாடகை வீடு. இரண்டு பேருக்குத் தரையில் படுக்கை. கோடவுனைத் தாங்களே பெருக்கி, மரப்பெட்டிகளைத் தாங்களே தூக்கி அடுக்கியிருக்கிறார்கள். வந்து சேர்ந்தது 1959-ல், அந்த வருஷத்து மோட்டார் சைக்கிள் சீஸன் முடிகிற நேரத்தில். ஐப்பசி முடிந்து பட்டாசுக் கடை போட்ட மாதிரி!

எதை விற்பது? 50 சி.சி. சூப்பர் கப், 125, 250, 305. நாலிலும் கால் கால் பங்கு. பெரிய வண்டிகள் மேல்தான் முதலாளி ஹோண்டாவுக்கு நம்பிக்கை. அவற்றின் ஹேண்டில்பார் புத்தரின் புருவம் மாதிரி இருப்பதால் நன்றாக விற்கும் என்பது அவர் காரணம்! (நம் ஊரில் ராகுகாலம் பார்த்து மாடல் விடுவதைச் சிரிக்கிறோம்.)

1960 ஏப்ரலில் இடி விழுந்தது. விற்ற பெரிய வண்டிகளில் எண்ணெய் ஒழுகியது. கிளட்ச் போயிற்று. அமெரிக்காக்காரன் ஜப்பானில் ஓட்டுவதைவிட அதிக தூரம், அதிக வேகம் ஓட்டுகிறான். அதற்கு வண்டி தாங்கவில்லை. பழுதான வண்டிகளை விமானத்தில் ஏற்றி ஜப்பானுக்கு அனுப்பினார்கள். அங்கே சோதனைக்கூடத்தில் இரவு பகலாக உழைத்து, ஒரே மாதத்தில் கோளாறைச் சரிசெய்தார்கள்.

இதற்கிடையில் ஒரு வேடிக்கை. இவர்கள் ஊருக்குள் சில்லறை வேலைக்குப் போய்வர அந்தக் குட்டி சூப்பர் கப்பைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பார்த்தவர்களெல்லாம் "இது எங்கே கிடைக்கும்?" என்று கேட்டார்கள். 'சியர்ஸ்' என்ற மாபெரும் கடையிலிருந்தே ஒருத்தர் போன் செய்தார். இவர்களுக்கோ தயக்கம். தோல் ஜாக்கெட் முரடர்கள் ஓட்டுகிற ஊரில் சைக்கிள் மாதிரி ஒரு வண்டியை விற்றால் மானம் போய்விடாதா? ஆனால் பெரிய வண்டி படுத்துவிட்டதே, வேறு வழியில்லை. குட்டி வண்டியை இறக்கினார்கள். விற்க முன்வந்தவர்கள் மோட்டார் சைக்கிள் டீலர்கள் அல்ல, விளையாட்டுச் சாமான் கடைக்காரர்கள்! வண்டி பறந்தது. 1963-ல் வந்த அவர்களுடைய புகழ்பெற்ற விளம்பரம், 'ஹோண்டாவில் வருகிறவர்கள் நல்ல மனுஷங்க' என்கிற பாணியில், ஒரு கல்லூரி மாணவர் வகுப்புக்காக எழுதிய ஹோம்வொர்க்கிலிருந்து பிறந்தது.

எந்தக் கதை நிஜம்? இரண்டும். அடக்க விலை குறைவாக இருந்ததும் உண்மை. கோளாறை ஒரு மாதத்தில் சரிசெய்யும் தொழில்திறன் கையில் இருந்ததும் உண்மை. அது இல்லாதவனுக்கு அதிர்ஷ்டம் வந்து கதவைத் தட்டினாலும் திறக்கத் தெரியாது. அதனால் 'பிளானே வேண்டாம், எல்லாம் தானா நடக்கும்' என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஆனால் முதல் கதையை மட்டும் படித்த மாணவன், வரைபடம் வரைந்தால் ஜெயிக்கலாம் என்று நினைத்துக்கொண்டு வெளியே வருகிறான். இரண்டாவதையும் படித்தவனுக்குத்தான், தன் வரைபடம் தப்பு என்று தெருவில் தெரியும்போது அதை மடித்து வைக்கும் துணிச்சல்தான் மேனேஜருக்கு வேண்டியது என்று புரியும்.

மதுரைக்காரர் செய்தது

'ஜப்பான், அமெரிக்கா எல்லாம் இருக்கட்டும், நம்ம பக்கம் சொல்லுய்யா' என்கிறீர்களா? ஹார்வர்டே 1993-ல் கேஸ் எழுதிப் பாடமாக வைத்த ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். மதுரை டாக்டர் ஜி.வெங்கடசாமி.

அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றபின், 1976-ல், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டு வாதத்தில் கைவிரல்கள் கோணிப்போனவர். அந்தக் கையோடுதான் கண் ஆபரேஷன் பழகினார். 'பெரிய ஆஸ்பத்திரி ஆகணும்' என்பதை அவர் லட்சியமாக எழுதி மாட்டவில்லை. அவர் பார்த்தது நோயை: கண்புரையால் பார்வை போனவர்கள் ஏராளம், ஆபரேஷன் செய்தால் திரும்பிவிடும், ஆனால் கண் டாக்டர்கள் குறைவு. அப்படியானால் கிடைப்பதற்கரிய சரக்கு எது? டாக்டரின் நேரம்!

அந்த ஒரு முடிவிலிருந்து மற்றதெல்லாம் வரிசையாக வந்தது. ஆபரேஷன் தியேட்டரில் டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒன்றில் அவர் ஆபரேஷன் செய்யும்போதே அடுத்ததில் அடுத்த நோயாளி தயார். டாக்டர்தான் செய்யவேண்டும் என்று இல்லாத வேலைகளையெல்லாம், பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். ஒரே மாதிரி பண்டத்தை ஊர் ஊருக்கு ஒரே தரத்தில் கொடுக்கும் அமெரிக்க ஹாம்பர்கர் கடை மேல் டாக்டருக்கு ஒரு கண். பணம் கொடுக்கும் நோயாளியிடம் மிஞ்சுவதில் ஏழைக்கு இலவசம்.

ஆபரேஷன் இலவசம் என்ற பிறகும் கிராமத்து ஜனங்கள் பலர் வரவில்லை. ஏன் என்று கேட்டுப் பார்த்தார்கள். பஸ் காசு, சாப்பாட்டுக் காசு, பயம். முகாமிலிருந்தே பஸ்ஸில் ஏற்றி, சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுபோய் விட ஏற்பாடு செய்தார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் வெளிநாட்டு விலை ஏழைக்கு எட்டவில்லை. 1992-ல் 'ஆரோலேப்' தொடங்கித் தாங்களே தயாரித்தார்கள்.

கவனியுங்கள். கண், கண், கண் மட்டும். பேர் வந்துவிட்டது, இதயத்துக்கும் ஒரு பிளாக் கட்டலாம், முழங்காலுக்கும் ஒன்று கட்டலாம் என்று பஃபே தட்டைத் தூக்கவில்லை. டாக்டர் 2006-ல் மறைந்தார். அவர் போட்ட வழி இன்றும் ஓடுகிறது.

வாத்தியாருக்கு ஒரு மனு

வெறும் பி.காம். எனக்கு வாத்தியார்களுக்குப் புத்தி சொல்லத் தகுதி உண்டா? இல்லை. ஆனால் அவர்கள் சொல்லிக் கொடுத்ததன் பலனை அனுபவித்தவன் என்ற முறையில் மனு கொடுக்கலாம் இல்லையா?

ஒன்று. கேஸைப் பாதியில் நிறுத்துங்கள். கம்பெனி பெயரை மறைத்துக் கொடுங்கள். ஒவ்வொரு மாணவனும் தன் முடிவையும் காரணத்தையும் எழுதிக் கவரில் போட்டு ஒட்டட்டும். பிறகு க்ளைமாக்ஸைச் சொல்லுங்கள். 'எனக்கு அப்பவே தெரியும்' என்று யாரும் ரீல் விட முடியாது.

இரண்டு. ஸ்ட்ராட்டஜித் தாளில் ஐந்தாவதாக ஒரு கட்டம் போடுங்கள்: 'எதை விடப் போகிறோம்?' அது காலியாக இருந்தால் மார்க் பூஜ்யம்.

மூன்று. பி அண்ட் ஜி கம்பெனித் தலைவராக இருந்த லாஃப்லியும் ரோஜர் மார்ட்டினும் 2013-ல் எழுதிய புத்தகத்தில் ஒரு கேள்வி வருகிறது. 'உன் யோசனை சரியா, என் யோசனை சரியா?' என்று சண்டை போடாமல், 'இந்த யோசனை பலிக்க என்னவெல்லாம் உண்மையாக இருந்தாக வேண்டும்?' என்று கேட்பது. எங்கள் எட்டு மாடலுக்கு இதைக் கேட்டிருந்தால், 'பழைய மாடல் சர்வீஸ் கெடாமல் இருக்க வேண்டும்' என்று முதல் வரியிலேயே வந்திருக்கும். விழுப்புரத்துக்கு ஒரு போன் போட்டாலே உண்மை தெரிந்திருக்கும்.

நான்கு. கேரி க்ளைன் என்ற மனோதத்துவ நிபுணர் 2007-ல் எழுதியது. திட்டம் தொடங்கும் முன்பே, 'ஒரு வருஷம் ஆச்சு, திட்டம் படுதோல்வி. ஏன்?' என்று கற்பனை செய்து ஆளுக்கொரு காரணம் எழுதச் சொல்வது. பிரேதப் பரிசோதனையை ஆள் உயிரோடு இருக்கும்போதே செய்வது! அபசகுனமாகத் தோன்றலாம். ஆனால் 'நெகடிவா பேசாதே' என்று யாரும் வாயை அடைக்க முடியாது. ஏனென்றால் அன்றைக்கு நெகடிவாகப் பேசுவதுதான் வேலை.

ஐந்து. கனடாவின் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் 2004-ல் ஒரு புத்தகமே எழுதி வாதாடினார்: மேலாண்மையை வேலை அனுபவம் இல்லாத பிள்ளைகளுக்கு வகுப்பில் ஊட்ட முடியாது, வேலையில் இருக்கிறவர்கள் தங்கள் சொந்தப் பிரச்னையோடு வந்து உட்கார்ந்து அலச வேண்டும் என்று. சும்மா பேசவில்லை, 1996-லேயே சகாக்களோடு சேர்ந்து அப்படி ஒரு படிப்பை நடத்திக் காட்டினார். எங்கள் மேனேஜர் பெங்களூருக்கு ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் கேஸைப் படிக்கப் போகாமல், விழுப்புரம் டீலரின் புகார் நோட்டோடு போயிருந்தால்?

இதெல்லாம் புதுசும் இல்லை. திருக்குறளில் 47-லிருந்து 50 வரை நாலு அதிகாரம்: தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல். வள்ளுவர் நாலு கட்டம் போட்டு எத்தனையோ நூற்றாண்டு ஆகிறது. நாம்தான் மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்துவிட்டுப் பரீட்சை ஹாலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

'நான் சாதாரண எக்ஸிகியூடிவ், என்னை யார் கேட்கிறார்கள்?' என்பீர்கள். உங்கள் டேபிளுக்கு நீங்கள்தானே மேனேஜர்? திங்கட்கிழமை செய்ய வேண்டியதைப் பதினேழு வரி எழுதுகிறீர்கள். பக்கத்திலேயே 'இந்த வாரம் செய்யப்போவதில்லை' என்று மூன்று வரி எழுதிப் பாருங்கள். கை நடுங்கும். ஆசைப் பட்டியல் ஸ்ட்ராட்டஜியாக மாறும்போது வருகிற நடுக்கம் அது. பாஸிடம் போய் 'முடியாது சார்' என்று சொல்லி வம்பில் மாட்டிக்கொள்ள வேண்டாம். 'சார், இது முதல்ல முடியணும்னா இந்த மூணுல எதைத் தள்ளிப்போடலாம், நீங்களே சொல்லுங்க' என்று பவ்யமாகக் கேளுங்கள். எங்கள் அண்ணன் கேட்டதும் அதுதான். அன்றைக்கு அவர் பக்கத்தில் இன்னும் நாலு பேர் எழுந்திருந்தால், பதினோரு கவர் தப்பியிருக்குமோ என்னவோ.

காலண்டர் அட்டை

போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு விழுப்புரம் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் அண்ணனின் கடை. பத்துக்குப் பன்னிரண்டு இருக்கும். மிக்ஸி ஜார், பிளேடு, புஷ், கப்ளர், கார்பன் பிரஷ். எல்லா கம்பெனிக்கும் ஸ்பேர் கிடைக்கும். வேலை போனபோது வந்த பணத்தில் தொடங்கியது. மகள் படித்து முடித்து வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகிவிட்டது. கடையில் இரண்டு பையன்கள். கூட்டம் நிற்கிறது.

கல்லாவுக்கு மேலே பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் எழுதித் தொங்கவிட்டிருந்தார்.

'புது மிக்ஸி விற்பதில்லை. மோட்டார் காயில் கட்டுவதில்லை. குக்கர் சாமான் இல்லை. கடன் இல்லை.'

"புது மிக்ஸி ஏண்ணே வேண்டாம்? நல்ல மார்ஜினாச்சே?"

"அதுக்கு முதல் போட்டா ஸ்பேருக்குக் காசு இருக்காது தம்பி. எதிர்ல பெரிய ஷோரூம் இருக்கு, விலையில அவனை ஜெயிக்க முடியுமா? ஆனா அவன் வித்த மிக்ஸிக்கு ஜார் வேணும்னா என்கிட்டதானே வரணும்! காயில் கட்டினா ஒரு ஆளோட அரை நாள் போவுது. அப்புறம் 'மறுபடியும் புகையுதுங்க'ன்னு வந்து நிப்பாங்க."

அப்போதுதான் கவனித்தேன். 'குக்கர் சாமான் இல்லை' என்ற வரியை மட்டும் குறுக்கே அடித்திருந்தது.

"அதுவா? முதல்ல வேணாம்னுதான் இருந்தேன். தினமும் பத்து பொம்பளைங்க வந்து காஸ்கெட் இருக்கா, காஸ்கெட் இருக்கான்னு கேட்டாங்க. ஒரு மாசம் நோட்டுல குறிச்சு வெச்சேன். அப்புறம் அடிச்சிட்டேன். நம்ம கையால எழுதினதுதானே, சட்டமா என்ன?"

சூப்பர் கப்பைக் கேட்டு வந்த அமெரிக்கர்கள் எனக்கு ஞாபகம் வந்தார்கள். அண்ணனிடம் சொல்லவில்லை. கடையில் கூட்டம்.

டீ வந்தது. "நீ என்ன தம்பி பண்றே இப்ப?" என்றார். பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். மேலும் கீழும் பார்த்தார்.

"அதுக்கு நீ எதை விட்டே?"

"மாசச் சம்பளத்தைண்ணே."

கடையே அதிரச் சிரித்தார். இந்தத் தடவை நானும் மனசாரச் சிரித்தேன். வீட்டில்தான் இன்னும் சிரிக்கவில்லை.